துரைசானியின் மூன்றாவது கேள்வி

எனக்குப் பொறுமை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறவள் என்றால் ரொம்பப் பொறுமைசாலியாக இருப்பாள் என்று ஊரில் ஒரு நினைப்பு உண்டு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷம், பிரிக்பீல்ட்ஸ் மாதர் சங்கத்தில் நாலு பெண்களுக்கு நான் எட்டு மாதம் பாடம் நடத்தினேன். அதற்குள் மூன்று பிரம்பு ஒடிந்தது. யாரையும் அடிக்கவில்லை, மேஜையைத்தான் அடித்தேன்.

சங்கத்துக்குப் பெயர்தான் மாதர் சங்கம். தலைவர், செயலாளர், பொருளாளர் மூன்று பேருக்குமே மீசை இருந்தது. தலைவர் ரெங்கசாமி, பெண்கள் விழித்தெழ வேண்டும் என்று மேடையில் முழங்குவார். வீட்டில் அவர் மனைவி ஜன்னல் பக்கம் போய் நின்றால் முறைப்பார். அந்த மகானுபாவர்தான் உடைந்த ஆர்மோனியமும் ஜார்ஜ் ராஜா படமும் போட்டு வைத்திருந்த பின்னறையை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்தார். மத்தியானம் மூன்று மணிக்கு ஆரம்பிப்போம். ஐந்து மணிக்கு ரயில்வே குவாட்டர்ஸில் பொதுக்குழாய் திறப்பார்கள். திறந்தால் முடிந்தது, ராஜாவே படத்திலிருந்து இறங்கி வந்தாலும் ஒருத்தியும் உட்கார மாட்டாள்.

நான் இதே மலாய் நாட்டில், கிள்ளானில் பிறந்தவள். கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் ஏழாவது ஸ்டாண்டர்டு வரை படித்தேன். எட்டாவது படிப்பதற்குள் என்னைப் பிடித்து எங்கள் வீட்டு மகராசனுக்குக் கட்டிவைத்துவிட்டார்கள். மகராசன் ரயில்வே சரக்கு ஆபீசில் கிளார்க். பொடி போடுவார், குறட்டை விடுவார், குடையைத் தொலைப்பார். தொலைத்துத் தொலைத்து நான் அலுத்துப்போய், குடைத்துணியின் உட்பக்கத்தில் அவர் பெயரை இங்கிலீஷில் சிவப்பு நூலால் தைத்துவைத்தேன். அதற்குப் பிறகு யாராவது ஒருவர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

என் நாலு மாணவிகளையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது இராஜம்மா. ஒர்க் ஷாப்பில் சம்மட்டி அடித்துக்கொண்டிருந்த கன்னையாவின் மனைவி, இரண்டு பெண் குழந்தைகள், என்னைவிட நாலு வயசு மூத்தவள். இரண்டாவது மஜீதா. அவள் புருஷன் பாவா, துணி மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாக விற்கிறவர். மூன்றாவது பல்வந்த் கௌர். செங்கல் சூளைக்குப் பின்னால் ஏழு மாடு வைத்துப் பால் விற்கிற பஞ்சாபிக்காரி. நாலாவது ஆ லான். வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையும் போட்டு, ஒரு முடி பிசகாமல் கொண்டை போட்டுக்கொண்டு வருகிற சீனத்தி. சீன முதலாளி வீட்டில் சமைக்கிறாள், வெள்ளைக்காரன் வீட்டுக்கு மாறவேண்டும் என்று ஆசை. நாலு பேருக்கும் நாலு பாஷை. பாசாரில் பேசுகிற மலாய்தான் எல்லாருக்கும் பொது. ஆகவே நான் இங்கிலீஷை மலாயில் சொல்லிக்கொடுத்துத் தமிழில் திட்டினேன்.

முதல் பாடம் ஆஜர் சொல்வது. "வேர் ஆர் யூ?" என்று நான் கேட்டால், எழுந்து நின்று "ஐ ஆம் ஹியர்" என்று சொல்லவேண்டும். பல்வந்த் கௌர் சொன்னால் ஆர்மோனியத்தின் கட்டைகள் அதிரும். இராஜம்மா சொன்னால் எதிரே இருக்கிற எனக்கே கேட்காது. "எங்கடி இருக்கே? இங்கயா, செந்தூலிலயா? சத்தமாச் சொல்லு!" என்று தினமும் ஒரு தடவை மேஜையில் அடிப்பேன்.

அது ரப்பர் விலை விழுந்த காலம். ரயில்வேயில் கூட்டம் கூட்டமாக ஆளைக் குறைத்தார்கள். கன்னையாவுக்கும் சீட்டுக் கிழிந்தது. பூச்சோங்கில் ஈயச் சுரங்கத்தில் வேலை இருக்கிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவன் ஆறு மாதமாக வரவில்லை. ஒரு கடுதாசியும் இல்லை. தைப்பூசத்துக்கு வந்துவிடுவார் என்று இராஜம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். எந்தத் தைப்பூசம் என்று கேட்க என் நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டேன். நான் அடக்கிக்கொண்ட சமாச்சாரம் வாழ்க்கையில் இரண்டோ மூன்றோதான் இருக்கும்.

அப்போது குவாட்டர்ஸ் அதிகாரியிடமிருந்து காகிதம் வந்தது. வேலை போனவன் குடும்பம் மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யவேண்டும். இராஜம்மா அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். மாதக் கடைசிக்கு இன்னும் பதினெட்டு நாள்.

அவளுக்கு ஒரே ஒரு வழி இருந்தது. பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றில் ஆயா வேலைக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எடுத்துக்கொண்டால், ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஓர் அறையும் கொடுப்பார்கள். தலைமைத் துரைசானி ஆளைக் கூப்பிட்டு இங்கிலீஷில் ஐந்து கேள்வி கேட்பாள், வாயால் பதில் சொல்லவேண்டும். எழுதிக் கொண்டுவந்த காகிதம் எதையும் தொடமாட்டாள். ஐந்து கேள்வியும் எங்களுக்குத் தெரியும், ஏனென்றால் எதிர்வீட்டு நல்லம்மாள் போன மாதம் போய்த் தோற்றுவிட்டு வந்திருந்தாள். பெயர் என்ன? வயசு என்ன? புருஷன் பெயர் என்ன? அவன் எங்கே இருக்கிறான்? ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருமா?

நல்லம்மாள் மூன்றாவது கேள்வியில் விழுந்தாள். புருஷன் பெயரைக் கேட்டதும் தலையைக் குனிந்து, முந்தானையைத் திருகி, பல் தெரியாமல் சிரித்துக்கொண்டு நின்றாளாம். துரைசானி இரண்டு தடவை கேட்டுப் பார்த்துவிட்டு அடுத்தவளைக் கூப்பிட்டுவிட்டாள். புருஷன் பெயர் தெரியாதவளை நம்பி எப்படி மருந்துப் புட்டியைக் கையில் கொடுப்பது என்று துரைசானி சொன்னதாக, ஆஸ்பத்திரிப் பியூன் நாகையா வந்து தெருவுக்கே ஒலிபரப்பினான்.

சரி, இந்த ஒரு வரியைப் பழக்கிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன். மறுநாள் கரும்பலகையில் எழுதிப்போட்டுப் படித்தேன். "மை ஹஸ்பண்ட்ஸ் நேம் இஸ்... அவரவர் புருஷன் பேரைச் சொல்லுங்க. மஜீதா, எழுந்திரு."

மஜீதா எழுந்தாள். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். "மை ஹஸ்பண்ட்ஸ் நேம் இஸ் புள்ள வாப்பா."

"அது பேரா?"

"நாங்க அப்படித்தான் கூப்புடுவோம், டீச்சரம்மா."

பல்வந்த் கௌரைக் கேட்டேன். "சர்தார்ஜி" என்றாள். பாதிப் பஞ்சாபுக்கு அதுதானேம்மா பெயர் என்றேன். என் சர்தார்ஜி ஒருத்தர்தான் என்று மலாயில் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். ஆ லானைப் பார்த்ததும் அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, தன் கொண்டையைத் தட்டித் தட்டிக் காட்டினாள். கல்யாணமே வேண்டாம் என்று சாமிக்கு முன்னால் சத்தியம் பண்ணி முடிந்த கொண்டையாம் அது. "தா மாவ் லாக்கி!" என்று கத்தினாள். புருஷன் வேண்டாம் என்று அர்த்தம். அம்மா தாயே, பழகுவதற்காக ஒரு புருஷனை வைத்துக்கொள் என்று கெஞ்சினேன். பழகுவதற்குக்கூட வேண்டாம் என்றாள்.

"நீங்க முதல்ல சொல்லிக் காட்டுங்க, டீச்சரம்மா" என்றாள் மஜீதா.

"கேள்வி கேக்கறது என் வேலை, பதில் சொல்றது உங்க வேலை. நானே ரெண்டும் செய்யறதா இருந்தா நீங்க எதுக்கு?" என்று பிரம்பை எடுத்தேன். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

இராஜம்மாதான் கடைசி. அவளுக்குத்தான் இது வேண்டும். மற்றவர்களுக்கு விளையாட்டு, அவளுக்கு வீடு. எழுந்து நின்றாள். வாயைத் திறந்தாள். மூடினாள். கண் கலங்கிவிட்டது.

"பேரைச் சொன்னா அவங்க ஆயுசு குறையும், டீச்சரம்மா."

"இங்கிலீஷ்ல சொன்னா குறையாது. நான் எழுதியே தரேன்."

"வெள்ளைக்காரனுந்தானே சாவுறான்? எமனுக்கு இங்கிலீஷ் தெரியாமயா?"

நான் ஏழாவது ஸ்டாண்டர்டு படித்தவள். எமனைப் பற்றி அதில் பாடம் இல்லை.

ஆனால் விடவில்லை. மகராசனின் தொப்பியை எடுத்துவந்து மாட்டிக்கொண்டு, குடையை ஊன்றிக்கொண்டு, துரைசானி மாதிரி உட்கார்ந்து தினமும் ஒத்திகை நடத்தினேன். பெயர், வயசு இரண்டையும் கணீரென்று சொல்லப் பழகிவிட்டாள். ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வராது என்பதை எங்கள் ஜார்ஜ் ராஜாவே பாராட்டுகிற மாதிரி சொன்னாள். மூன்றாவது கேள்வி வந்தால் பழைய கதைதான், கீழே பார்ப்பாள். உடனே மஜீதா "கன்னையா!" என்று குதூகலமாகக் கத்துவாள். அடுத்தவள் புருஷன் பெயரைச் சொல்ல யாருக்கும் தடையில்லையே!

"நானும் கூட வந்து சொல்லிப்புடறேனே, டீச்சரம்மா" என்றாள் மஜீதா.

"நீ சொன்னா வேலையை உனக்குத்தான் குடுப்பா. பேசாம உக்காரு."

ஐந்தாம் நாள் இராஜம்மா முகமெல்லாம் மலர வந்தாள். வழி கண்டுபிடித்துவிட்டாளாம். நான் தொப்பியை மாட்டிக்கொண்டு கேட்டேன். அவள் நிமிர்ந்து, தெளிவாக, ஒரு எழுத்து பிசகாமல் சொன்னாள்: "மை ஹஸ்பண்ட்ஸ் நேம் இஸ் பட்டர் தீஃப்."

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. அப்புறம்தான் விளங்கிற்று. மளிகைக் கடையிலும் கோயில் அர்ச்சனையிலும் நம் பெண்கள் செய்கிற வேலைதான். புருஷன் பெயர் முருகன் என்றால் மயிலைக் காட்டுவார்கள். கன்னையா என்றால் கிருஷ்ணன். கிருஷ்ணன் என்றால் வெண்ணெய் திருடினவன். வெண்ணெய்க்கும் திருடனுக்கும் நான்தான் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்திருந்தேன்!

"அடிப் பாவி! வெண்ணெய் திருடினவன் பொண்டாட்டின்னு துரைசானி போலீசைக் கூப்பிடுவாடி! ஐஸ் பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பிலே சொருகிக்குவா!" இரண்டாவது பிரம்பு அன்றுதான் ஒடிந்தது. பல்வந்த் கௌருக்கு விஷயம் புரிந்ததும் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இராஜம்மா சிரிக்கவில்லை. எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. சொல்லக்கூடாததைச் சொன்னேன். "ஆறு மாசமா ஒரு கடுதாசி போடாதவன் ஆயுசு என்னடி உனக்குப் பெரிசா? ரெண்டு புள்ளைங்களையும் அவன் பேரையும் இடுப்பிலே தூக்கி வச்சிக்கிட்டு ரோட்டுல நிக்கப் போறியா?"

"அவங்க வருவாங்க" என்றாள்.

நேர்முகம் திங்கட்கிழமை. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, மஜீதா வகுப்புக்கு நேரம் கழித்து வந்தாள். வாய் ஓயாதவள் அன்று பேசவே இல்லை. முக்காட்டு நுனியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்ன ஏது என்று நான் அதட்டியதும் அழுதுவிட்டாள்.

"சொல்றதா வேணாமான்னு ராத்திரியெல்லாம் ரோசனை பண்ணினேன், டீச்சரம்மா. புள்ள வாப்பா நேத்து காஜாங் போயிருந்தாக. அங்க ஒரு வீட்டு வாசல்ல துணியைப் பிரிச்சிருக்காக. உள்ளேருந்து இராஜம்மா வீட்டுக்காரரு வந்திருக்காரு. கூட ஒரு பொம்பள. அவளுக்குச் சேலை எடுத்துக் குடுத்தாராம். புள்ள வாப்பாவைப் பாத்ததும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டாராம்."

ஆ லானுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் அவளுக்கும் புரிந்துவிட்டது. நான் இராஜம்மாவைப் பார்க்கப் பயந்துகொண்டு கரும்பலகையைப் பார்த்தேன். மை ஹஸ்பண்ட்ஸ் நேம் இஸ் என்று அங்கே என் கையெழுத்தே பல்லை இளித்தது. வெட்கமாக இருந்தது.

"என்ன நெறம்?" என்று இராஜம்மா கேட்டாள்.

"என்னது?"

"சேலை என்ன நெறம்?"

"கத்திரிப்பூ" என்றாள் மஜீதா, அழுகைக்கு நடுவே.

இராஜம்மா சிலேட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "பாடத்த நடத்துங்க, டீச்சரம்மா. குழாய் தெறந்துருவாங்க" என்றாள். அன்றைக்கு மூன்றாவது கேள்வியை நான் கேட்கவில்லை. எனக்கே தைரியம் இல்லை.

திங்கட்கிழமை மத்தியானம் நாலு பேருமாக அவளைக் கிளப்பினோம். பல்வந்த் கௌர் ஒரு செம்பு பால் கொண்டுவந்து குடிக்கவைத்தாள். மஜீதா வெள்ளைச் சேலை ஒன்றைக் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்தாள். ஆ லான் சீப்பை எடுத்துக்கொண்டு இராஜம்மாவை ஆர்மோனியத்தின் மேல் உட்காரவைத்து, தன் கொண்டை மாதிரியே ஒரு முடி பிசகாமல் இழுத்துக் கட்டிவிட்டாள். வலித்திருக்கும், இராஜம்மா ஒன்றும் சொல்லவில்லை. வெயிலுக்கு மகராசனின் குடையை எடுத்துக்கொண்டு நானும் அவளும் நடந்தோம். வழியெல்லாம் நான் வளவளவென்று பேசிக்கொண்டே போனேன். பேர் சொல்ல முடியாவிட்டால் பரவாயில்லை, கிள்ளானில் என் அண்ணன் வீட்டில் ஒரு மூலை இருக்கிறது என்றுகூடச் சொன்னேன். அண்ணியைக் கேட்காமல்தான்.

ஆஸ்பத்திரியில் என்னை வராந்தா பெஞ்சியில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். தலைக்கு மேலே துரைசானி அறையின் ஜன்னல். பலகை திறந்திருந்தது. எல்லாம் கேட்டது.

பெயர் கேட்டாள். சொன்னாள். வயசு கேட்டாள். சொன்னாள். அப்புறம் துரைசானி, "ஹஸ்பண்ட்ஸ் நேம்?" என்றாள்.

நான் குடைப்பிடியை இறுக்கிக்கொண்டேன். குலதெய்வம் ஒன்று இருந்தது, அதன் பெயர்கூட அப்போது ஞாபகம் வரவில்லை.

"மை ஹஸ்பண்ட்ஸ் நேம் இஸ் கன்னையா."

யாரோ வேறொருத்தி சொல்கிறாளோ என்று நினைத்தேன். அவ்வளவு சத்தம். துரைசானிக்குச் சரியாகப் பிடிபடவில்லை போலிருக்கிறது, திருப்பிச் சொல்லச் சொன்னாள். "கன்னையா." எழுதிக்கொண்டே இன்னொரு தடவை கேட்டாள். "கன்னையா" என்றாள் மூன்றாவது தடவையும், பாசாரில் மீன்காரனைக் கூப்பிடுகிற மாதிரி.

"அண்ட் வேர் இஸ் ஹீ?"

இதற்குப் பதில் பூச்சோங்கில் வேலை செய்கிறார் என்பது. பத்து நாளாகப் பழக்கியிருந்தேன்.

"ஐ டோன்ட் நோ, மேடம்" என்றாள் இராஜம்மா. "ஐ ஆம் ஹியர்."

துரைசானியின் பேனா நின்றது. அப்புறம் மறுபடியும் கீறத் தொடங்கியது. ரத்தத்தைப் பற்றிய கேள்வியை அவள் கேட்கவே இல்லை.

வேலை கிடைத்துவிட்டது. ஒன்றாம் தேதி வரச் சொல்லி, பின்கட்டில் அறையையும் காட்டிவிட்டார்கள். வெளியே வந்தவளை நான் கட்டிக்கொண்டேன். நான் யாரையும் கட்டிக்கொள்கிற ஆள் இல்லை. தூங்குமூஞ்சி மரங்களுக்குக் கீழே வெகுதூரம் பேசாமலே நடந்தோம். அப்புறம் என்னால் முடியவில்லை.

"எப்படிடி சொன்னே?"

"எத?"

"பேரை. ஆயுசு குறையும்னியே."

"புருசன் பேரச் சொன்னாத்தானே குறையும்" என்றாள். "அது இப்ப யாரோ ஒரு ஆம்பள பேரு, டீச்சரம்மா. நாகையா, பக்கிரிசாமின்னு சொல்ற மாதிரி. வாயில வந்துச்சு, சொன்னேன். எனக்கே ஆச்சரியமா இருந்திச்சு. மூணு தரமும் ஒண்ணும் ஆகல லா." மூக்கைச் சிந்தினாள். புதுக் கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

குடை இரண்டு பேருக்கும் போதவில்லை, நெருங்கி நடந்தோம். அவள் நிமிர்ந்து குடையின் உட்பக்கத்தைப் பார்த்தாள். சிவப்பு எழுத்துக்களை உதட்டுக்குள்ளேயே ஒவ்வொன்றாகக் கூட்டுகிறாள் என்று தெரிந்தது. எட்டு மாதத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு எழுத்தும் தெரியாது.

"இப்ப நீங்க சொல்லுங்க, டீச்சரம்மா. எங்களப் போட்டு அந்த விரட்டு விரட்டினீங்களே. இந்தா, எழுதியே இருக்கு. பாத்துச் சொன்னாப் போதும்."

"இதென்ன பெரிய வித்தையா?" என்றேன். நின்றேன். குடைக்குள் பார்த்தேன். நானே ஊசி கோத்துத் தைத்த பெயர். பெரிய பெயர்கூட இல்லை, இங்கிலீஷில் ஐந்தே எழுத்து. பொடி போடுகிற, குறட்டை விடுகிற, இன்றைக்கும் குடை எங்கே என்று வீட்டைப் புரட்டிக்கொண்டிருக்கிற மனிதருடைய பெயர். வாயைத் திறந்தேன். முதல் எழுத்து பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. அதற்கு மேல் வரவில்லை. மறுபடியும் திறந்தேன். எமன் எந்தெந்தப் பாஷை படித்திருக்கிறானோ, யார் கண்டது! ஏழாவது ஸ்டாண்டர்டு, மூன்று பிரம்பு, ஒன்றும் உதவிக்கு வரவில்லை.

அவள் சிரிப்பாள், ஊரெல்லாம் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். இராஜம்மா சிரிக்கவில்லை. தன் உள்ளங்கையால் என் வாயை மெதுவாகப் பொத்தினாள்.

"வேணாம், டீச்சரம்மா" என்றாள். "சொல்ற நாள் உங்களுக்கு வரவே வேணாம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. குடையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். ஐந்து மணிக்குக் குழாய் திறந்துவிடுவார்கள் என்று இரண்டு பேரும் நடையை எட்டிப் போட்டோம்.